டெம்போவில் போன டைப்ரைட்டர்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் பாதியில் தாங்களாகவே கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்ளக் கூடாது. சாதாரண முட்டாளும் இல்லை, திட்டம் போடுகிற முட்டாள். சும்மா இருக்கிற முட்டாளால் யாருக்கும் கெடுதல் கிடையாது. மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவான். திட்டம் போடுகிறவன் அப்படியில்லை. காலையிலேயே எழுந்து, தலை சீவிக்கொண்டு, எந்த ஆளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லவே கூடாதோ அந்த ஆளிடமே போய், டீ வாங்கிக் கொடுத்து, விவரமாகச் சொல்லிவிட்டு வருவான். எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில், என் அக்கா டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது நான் செய்தது அதுதான். சொன்னது எங்கள் தாய்மாமாவிடம்.

மாமா விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணையில் இருந்தார். சொந்த நிலத்தில் நெல்லும் கரும்பும், அதோடு ஒரு டெம்போ. உர மூட்டை ஏற்றுவதற்காக அடிக்கடி திண்டிவனம் வருவார். தெரு முனையில் ஹார்ன் அடிப்பார். ஒரே ஒரு முறைதான், ஆனால் நீளமாக. அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா உலையில் கூடுதலாக அரிசி போடுவாள், மாமா அவளுடைய ஒரே தம்பி. சைக்கிள் கடை வைத்திருந்த அப்பா சட்டையைத் தேடுவார். நான் வாசலுக்கு ஓடுவேன், மாமா வெறுங்கையோடு வர மாட்டார் என்பதால். அக்கா மட்டும் கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, எதையோ எண்ணுகிறவள் போலக் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு வேலையைத் தொடர்வாள்.

மாமா அவளுக்கு முறைமாமன். அக்கா பிறந்தபோதே மாமாவுக்கு மீசை அரும்பிவிட்டதாம். அவளுக்குத் தொட்டில் வாங்கி வந்து கட்டியவர் அவர்தான் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கொஞ்சம் யோசித்திருந்தால் வேறு ஏதாவது வந்திருக்கும்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சட்டைப் பையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கும். ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே பேசுவார். தோலைக் கீழே இறைக்க மாட்டார். பக்கத்திலேயே சின்னக் குவியலாகச் சேர்த்து, கிளம்பும்போது அள்ளிக்கொண்டு போய் வெளியே போடுவார். அவ்வளவு சுத்தம், அவ்வளவு பொறுமை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவறாமல் அக்காவுக்குப் புடவை வரும். அக்கா ஒன்றைக்கூடக் கட்டியதில்லை. அம்மா எல்லாவற்றையும் பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்தாள். அடுக்கு ஏறிக்கொண்டே வந்தது. பீரோவைத் திறந்தால், மழைக்காலத்தில் கிணற்று நீர் ஒவ்வொரு படியாக மேலே வருவதைப் பார்ப்பது போலிருக்கும்.

இளைஞர்களுக்கு விடாமுயற்சி வேண்டும், திட்டமிடல் வேண்டும் என்று மேடையில் யாராவது பேசினால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அக்கா இல்லை, மாமாதான். இரண்டும் அவரிடம் தாராளமாக இருந்தன.

அக்காவின் ஆசை எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஏதோ சர்டிபிகேட்டுக்காக அப்பாவோடு தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து சாப்பிடக்கூட உட்காராமல் என்னிடம் சொன்னாள். "ஒரு பொம்பளை டைப் அடிச்சிக்கினு இருந்தாங்கடா. ஆபீசரு பக்கத்துல வந்து நிக்கிறாரு. இரு சார், முடிச்சிட்டுத் தர்றேன்றாங்க. அவங்க ஒக்காந்துக்கினு இருக்காங்க, அவரு நின்னுக்கினு இருக்காரு."

அதைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை எழுத எனக்கு வராது. எங்கள் வீட்டில் ஆண்கள் உட்கார்ந்திருக்க, பெண்கள் நிற்பார்கள். அவள் கேட்டது ஒரு நாற்காலிதான்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து, முதல் படியான லோயர் பரீட்சையில் சுலபமாகத் தேறினாள். அடுத்த படியான ஹையரில் முதல் தடவை போய்விட்டது. லோயர் எழுதுகிறவர்களுக்குத் திண்டிவனத்திலேயே சென்டர். ஹையருக்கு விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் பரீட்சைக்குப் போகிறவர்கள் பேனாவோடு போக முடியாது, டைப்ரைட்டரோடு போக வேண்டும். பழகின மெஷினையே துணியில் கட்டி, தலையில் வைத்தோ வண்டியில் ஏற்றியோ கொண்டுபோவார்கள். முதல் தடவை இன்ஸ்டிடியூட்காரர், "அங்கியே மெஷின் இருக்கும்மா, சும்மா போ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அங்கே இருந்த மெஷினில் ஸ்பேஸ் பாரைக் குத்தினால்தான் நகர்ந்ததாம். வேகம் விழுந்து, பரீட்சையும் போனது.

ரிசல்ட் வந்த அன்று தெரு முனையில் ஹார்ன் கேட்டது. அப்பா, மாமாவை வைத்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார்.

"இன்னொரு தபா எழுதட்டும். தேறுனா மேல பரீட்சை எழுதி வேலைக்குப் போவட்டும். தேறலன்னா தையில கல்யாணம். இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

மாமா ஒரு மல்லாட்டையை உடைத்தார். "எழுதட்டும் மச்சான். நா இன்னா ஓடியா போயிடப் போறேன்?"

அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். செம்பு தரையில் பட்ட சத்தம்கூட வராமல் வைத்தாள்.

இங்கேதான் நான் களத்தில் இறங்குகிறேன். அக்காவுக்குத் துணை என்ற பெயரில் நானும் அதே இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்திருந்தேன். என் டைப்பிங்கைப் பற்றி ஒரே வரி போதும். நான் அடித்த தாளைப் பார்த்துவிட்டு சார், "இது இன்னா பாஷைப்பா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார்.

ஜன்னலோரம் ஒரு மெஷின் இருந்தது. தொட்டால் ஓடும், வெண்ணெய் மாதிரி. அக்கா லோயருக்குப் பழகியது அதில்தான். ஆனால் தோற்ற பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. மூலையில் ஒரு கிழட்டு மெஷின் கிடந்தது. அதில் 'ஏ' எழுத்தை அடிக்க வேண்டுமென்றால் சுண்டு விரலுக்கு ஒரு வேளைச் சாப்பாடு தனியாகப் போட வேண்டும். அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். சில வாரம் கழித்து ஷிப்ட் கீ சிக்கிக்கொள்ளும் இன்னொன்று. அதற்கடுத்து, வரி முடிந்தால் மணி அடிக்காமலே போய் முட்டிக்கொண்டு நிற்கும் வேறொன்று.

"இன்னாக்கா, நல்ல மெஷின உட்டுட்டு ஆஸ்பத்திரியில ரவுண்ட்ஸ் போற மாதிரி போய்க்கினு இருக்க?" என்றேன்.

"அதுங்களுக்கும் ஆளு வேணும்ல" என்றாள்.

தோல்வியில் மனசு உடைந்துபோய் இப்படி நடந்துகொள்கிறாள் என்று நானே முடிவு செய்தேன். அவள் சார்பில் யோசிக்க வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்ததாகவும் முடிவு செய்தேன். ஒரு வாரம் யோசித்து ஒரு திட்டம் போட்டேன். மாற்று ரிப்பன், எலுமிச்சம்பழம், குடை, கைதுடைக்கத் துண்டு என்று ஒன்றையும் விடவில்லை. முக்கியமானது, ஜன்னலோர மெஷின் எப்படியாவது விழுப்புரம் போய்ச் சேர வேண்டும். அந்த வருஷம் ஹையருக்கு எங்கள் இன்ஸ்டிடியூட்டில் அக்கா ஒருத்திதான். அவளுக்காகத் தனி வண்டி பிடிக்க முடியாது என்று சார் கையை விரித்துவிட்டார்.

வண்டி. எனக்கு உடனே டெம்போ ஞாபகம் வந்தது. இவ்வளவு சுலபமான விஷயம் யாருக்கும் தோன்றவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

உரக் கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் மாமாவைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எந்த மெஷினு மாப்ள?"

"ஜன்னலாண்ட இருக்குதே, அது மாமா. சார் குடுக்கறேன்னுட்டாரு."

"முந்தின நாளே ஏத்திக்கினு போயிடட்டா? காணையில நம்ம வூட்ல இருக்கட்டும். காலையில நேரா ஸ்கூலாண்ட கொண்டாந்துடறேன்."

"அதான் மாமா நானும் நெனச்சேன்."

அவர் ஒரு மல்லாட்டையை எடுத்து விரலுக்கு நடுவில் உருட்டினார். "அந்த மெஷினு இல்லன்னா எழுத முடியாதா?"

"எங்க மாமா முடியும்? போன தபா அதாலதான போச்சு."

உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. "அப்பிடியா" என்றார். பிறகு அதை உடைத்து, பருப்பை எனக்குக் கொடுத்தார்.

நான் அதைத் தின்றேன். இன்றைக்கும் அந்த ருசி நினைவில் இருக்கிறது. நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடை நின்றது.

"மாமாகிட்டயா சொன்ன?"

"டீ வாங்கிக் குடுத்தே சொன்னேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். சல்லடை மறுபடி ஆடத் தொடங்கியது.

அந்த அமாவாசைக்கு அம்மா மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்ததும் எல்லோர் நெற்றியிலும் குங்குமம் வைத்தாள். "அக்கா பாஸாவணும்னு வேண்டிக்கினியா?" என்று கேட்டேன். "நல்லது நடக்கணும்னு வேண்டிக்கினேன்" என்றாள். யாருக்கு நல்லது என்று கேட்க வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் ஹார்ன் கேட்டது. மெஷினை நான் இன்ஸ்டிடியூட்டிலிருந்து தூக்கி வந்து வாசலில் வைத்திருந்தேன். கட்டுவதற்குத் துணி வேண்டும் என்றேன். அக்கா உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். அடுக்கின் உச்சியில் இருந்த புடவையைக் கொண்டுவந்தாள். கடைசிப் பொங்கலுக்கு மாமா எடுத்துக் கொடுத்த பட்டு. அதில் மெஷினை வைத்து, நாலு முனையையும் இழுத்து, நடு உச்சியில் ஒரே முடிச்சாக இறுக்கிப் போட்டாள். எண்ணெயும் மையும் அப்போதே பட்டில் ஊறத் தொடங்கின.

மாமா பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "பத்திரமா இருக்கும்" என்று மட்டும் சொன்னார். டெம்போவில் உர மூட்டைகளுக்கு நடுவில் அதை வைத்துக்கொண்டு போனபோது, சின்னக் குழந்தை ஒன்றைக் கட்டிக்கொண்டு போவது போல எனக்குத் தோன்றியது. நான் கையை வேறு ஆட்டினேன்.

மறுநாள் காலை வானம் மூடிக்கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. நெடுஞ்சாலைப் புளியமரங்களில் ஒரு இலைகூட அசையவில்லை. சகுனம் பார்க்கிற ஆள் இல்லை நான், இருந்தாலும் அன்றைக்குப் பார்த்தேன். ஒரு பூனைகூடக் குறுக்கே போகவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, மடியில் கைகளை வைத்து, ஒவ்வொரு விரலாக மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டே வந்தாள். விக்கிரவாண்டி தாண்டியதும் எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"அக்கா, மாமா வரலன்னா?"

"வருவாரு" என்றாள். "கண்டிப்பா வருவாரு."

வந்திருந்தார். எங்களுக்கு முன்பே வந்திருந்தார். பள்ளிக்கூட வளாகத்தில் புங்க மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பட்டு மூட்டை. எனக்கு வந்த நிம்மதியில் அவர் காலில் விழாத குறை. "பாத்தியா? சொன்ன டைமுக்கு முன்னாடியே வந்துட்டாரு" என்றேன் அக்காவிடம்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. முடிச்சைப் பார்த்தாள். உச்சியில் ஒன்றாக இருந்த முடிச்சு இப்போது இரண்டாக, பக்கவாட்டில் இருந்தது.

நான் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டேன். மணி அடிப்பதற்கு முன்பு மெஷினை மேஜையில் வைத்துவிட்டு வருவதற்குத் துணைக்கு வந்தவர்களை உள்ளே விடுவார்கள். அக்கா புடவையை அவிழ்த்தாள். ஒரு தாளைச் செருகினாள். ஒரு எழுத்தைத் தட்டினாள், விழுந்தது. இன்னொன்றைத் தட்டினாள். அது முதல் எழுத்தின் மேலேயே விழுந்தது. மூன்றாவதும் அங்கேயே விழுந்து, தாளில் கரும்புள்ளியாக நின்றது. மெஷினைத் திருப்பி வைத்துப் பின்பக்கம் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் மேல் பாகத்தை இழுத்து நகர்த்துகிற நாடா அறுந்து தொங்கியது.

பழைய நாடா. டெம்போ குலுக்கலில் அறுந்திருக்கலாம். இத்தனை வருஷம் கழித்தும் நான் சத்தியம் பண்ணத் தயாரில்லை. எலுமிச்சம்பழம் ஒரு கையிலும் மாற்று ரிப்பன் இன்னொரு கையிலுமாக நின்றேன். என் திட்டத்தில் நாடா இல்லை.

அக்கா எழுந்து சூப்பர்வைசரிடம் போனாள். "சார், மெஷின் ஓடல. வேற இருக்குதா?"

"மூலையில ஒண்ணு இருக்குது. காலையில ரெண்டு பேரு ஒக்காந்து பாத்துட்டு வாணாம்னு எழுந்துட்டாங்க. ஒக்காந்தா அப்பறம் கம்ப்ளெயிண்ட் சொல்லக் கூடாது."

"சொல்லல சார்."

என் பக்கம் திரும்பினாள். "இத எடுத்துக்கினு வெளிய போ."

தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மாமா அதே பெஞ்சில் இருந்தார். பரீட்சைக்கு உள்ளே போன மெஷின், பரீட்சை தொடங்குவதற்கு முன்பே என் தலைமேல் திரும்பி வருகிறது. யாராக இருந்தாலும் கேட்பார்கள், ஏன் என்று. அவர் கேட்கவில்லை. மெஷினை வைப்பதற்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திட்டம் போடுகிற முட்டாளுக்குக்கூட ஒரு கட்டத்தில் புரியத்தான் செய்கிறது. புரிந்து என்ன, அதே பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

மணி அடித்தது. உள்ளே எல்லா மெஷினும் ஒன்றாக இறங்கின. தகரக் கூரையில் கல்மழை விழுவது போன்ற சத்தம். அதில் அக்காவின் சத்தம் எது என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"பாவம் புள்ள" என்றார் மாமா. "ராப்பகலா ஒழைச்சுது."

நான் பரீட்சை அறையின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காணையில வூட்டுக்கு சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லிட்டேன் மாப்ள. ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சிடணும்ல."

அவர் கையை நீட்டினார். உரித்த பருப்பு உள்ளங்கையில் இருந்தது. இந்தத் தடவை நான் எடுக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை, வாயில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் தோல் குவியல் ஒழுங்காக உயர்ந்தது.

அக்கா வெளியே வந்தபோது விரல் நுனிகள் சிவந்து வீங்கியிருந்தன. முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"முடிஞ்சுதா? வா, டெம்போலயே வூட்ல உட்டுடறேன்" என்றார் மாமா.

"நாங்க பஸ்ல போறோம்."

"மெஷினு?"

"அத நீங்களே எடுத்துக்கினு வாங்க. உங்களுக்குப் பழக்கம்தான."

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, மூடிக்கிடந்த வானமும் அவரைப் போலவே பொறுமையாகக் காத்திருக்கிறது என்று தோன்றியது.

அதற்குப் பிறகு ரிசல்ட் வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசியதாக நினைவில்லை. அம்மா நாள் பார்த்தாள். மாமா புதுக் கட்டில் செய்யச் சொல்லியிருப்பதாகக் காணையிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். வேப்பங்கட்டையா தேக்கா என்று அப்பா விசாரித்தார். அக்கா தன் பாட்டுக்கு இன்ஸ்டிடியூட் போய் ஷார்ட்ஹேண்ட் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். கட்டிலைப் பற்றிய பேச்சு நடக்கும் அறையிலேயே உட்கார்ந்து கோடும் புள்ளியுமாக எழுதிப் பழகினாள். எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது, தண்ணீர் கழுத்தளவு வந்த பிறகும் ஒருத்தி நீச்சல் பாடம் படிக்கிற மாதிரி.

ஒரு மத்தியானம் சார் ஆள் அனுப்பினார். நான்தான் ஓடினேன். "பாஸ்" என்றார். "பர்ஸ்ட் கிளாஸ். அந்தக் கட்டை மெஷின்ல எப்பிடிப்பா அடிச்சுது உங்கக்கா?" நான் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா சுவரில் சாய்ந்து, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். அப்பா சட்டை போடாமலே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். பிறகு, "சொன்னா சொன்னதுதான். வேலைக்குப் போவட்டும்" என்றார். அம்மா அழுதாள். யாருக்காக என்று இந்தத் தடவையும் நான் கேட்கவில்லை.

சாயங்காலம் ஹார்ன் கேட்டது. வழக்கம்போல ஒரே முறைதான். மாமா வந்தார், விஷயத்தைக் கேட்டார், "நல்லது" என்றார். உட்கார்ந்து மல்லாட்டை உரித்தார். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டே தையைப் பற்றி ஏதோ சொல்ல, மாமா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எழுந்தபோது என் தோளில் கை வைத்தார். கை கனமாக இருந்தது.

"உன்னாலதான் மாப்ள. நீதான் ஒத்தாசையா இருந்த."

அது நல்ல வார்த்தையா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டெம்போ கிளம்பிப் போன பிறகுதான் கவனித்தேன். அன்றைக்கு அவர் தோலை அள்ளிக்கொண்டு போகவில்லை. உட்கார்ந்த இடத்தைச் சுற்றி இறைந்து கிடந்தது.

அக்காவுக்கு அந்த நாற்காலி கிடைக்க அதற்கப்புறமும் சில பரீட்சைகளும் பல வருஷங்களும் ஆயின. விழுப்புரத்தில் ஓர் ஆபீசில் கிடைத்தது. ஒருமுறை பார்க்கப் போனேன். ஒருவர் கையில் தாளோடு அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் அடித்துக்கொண்டிருந்தாள். நான் அப்படியே வெளியே வந்து டீ குடித்தேன்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தச் சாயங்காலம்தான். அக்கா துடைப்பத்தை எடுத்துத் தோலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வீங்கிய விரல்கள் எப்போதோ ஆறிவிட்டன. நான் சுவரோரம் நின்று, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"நா மட்டும் மாமாகிட்ட போய் ஒளறாம இருந்திருந்தா, உனக்கு இவ்ளோ பேஜாரே இருந்திருக்காது இல்லக்கா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒரு மெஷின கெடுத்தா போதும்னுதான் அவரு வேற எதுலயும் கை வெக்காம உட்டாரு. நீ ஒளறுவேன்னு வெச்சுதான்டா பிளானே போட்டேன்."